அசல் வந்தால் போதுமா?



வாடகை, ரேஷன், பள்ளிக்கூடச் சேர்க்கை, கூலி பாக்கி என்று இந்தப் பக்கங்களில் எத்தனையோ எழுதியிருக்கிறோம். இந்த மாதம் பார்சலைப் பற்றி எழுதப் போகிறேன். "பார்சலில் என்ன அரசியல் இருக்கிறது?" என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். உழைப்பவன் கையிலிருந்து காசு எந்த வழியாக வெளியே போனாலும் அந்த வழியில் அரசியல் உண்டு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் நம் சங்க உறுப்பினர் வீட்டுப் பெண் ஒருவர், சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். வீட்டிலிருந்தபடியே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். பிகோ அடிக்கும் மெஷின் அவரிடம் இல்லை. அதற்காக வெளிக்கடையில் சேலை ஒன்றுக்கு 25 ரூபாய் கொடுத்து வந்தார். 'சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் இந்தக் காசு வீட்டிலேயே தங்குமே' என்று கணக்குப் போட்டு, மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கினார். கடையில் கேட்ட விலையைவிட 1,800 ரூபாய் குறைவு என்று, போனில் ஒரு விற்பனை ஆப் மூலம் ஆர்டர் போட்டார். விலை 14,800 ரூபாய். முன்பணமாகவே முழுவதையும் கட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி என்று போட்டிருந்ததால் அப்படியே கட்டினார். அது 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி. மெஷின் 9-ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று திரையில் எழுதியிருந்தது. தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி. ஐந்தாறு வாரம் நல்ல வேலை நடக்கும் என்று அவர் நம்பியதில் தவறில்லை.

9-ஆம் தேதி வந்தது, மெஷின் வரவில்லை. 'அனுப்பிவிட்டோம்' என்று செய்தி வந்தது. ஒரு எண்ணும் வந்தது. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் நாள்தோறும் ஒரே வரிதான்: கூரியர்க்காரர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் இருந்த 9-ஆம் தேதி தானாக 16 ஆயிற்று. 16 பிறகு 24 ஆயிற்று. 22-ஆம் தேதி திடீரென்று 'வீட்டுக்கு வந்தோம், ஆள் இல்லை' என்று ஒரு செய்தி. அன்று முழுவதும் அவர் வாசற்படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்! போன் செய்தால் முதலில் பாட்டு, பிறகு இந்தி, பிறகு 'இரண்டு நாள் பொறுங்கள், மேடம்'. கடைசியாக வியாபாரியின் ஆள் ஒருவன் பேசினான்: "நீங்களே ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். புதிதாகப் போடுங்கள். உடனே அனுப்புகிறோம்." புதிய விலை 2,000 ரூபாய் கூடுதலாக இருந்தது.

இதற்கிடையே குழுக் கடன் வாரத் தவணை நிற்கவில்லை. மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் தவணை தவணைதான்.

அக்டோபர் 6-ஆம் தேதி அவர் சங்க அறைக்கு வந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினோம். ஆப் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து, தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்தோம். பன்னிரண்டு நாளில், அக்டோபர் 18-ஆம் தேதி, 14,800 ரூபாயும் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது.

வெற்றிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் அவர் கைக்கு வந்த சேலைகள் ஏறத்தாழ 300. சேலைக்கு 25 ரூபாய் வீதம் 7,500 ரூபாய் வெளிக்கடைக்குப் போயிற்று. ஏழு வாரத் தவணைக்கு வட்டி போயிற்று. போன், அலைச்சல், தூக்கமின்மை இவற்றுக்கு யார் கணக்கு எழுதுவது? "தங்கச்சி, நஷ்டஈடு கேட்டு ஆணையத்தில் ஒரு புகார் போடுவோம்" என்றேன். அவர் சொன்னார்: "விடுங்க அண்ணாச்சி, அசல் வந்ததே போதும்."

இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

தாமதம் எப்படி உண்டாகிறது?

'ஏதோ வண்டி தாமதம், மழை, கூட்டம்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரு நாள் மழைக்கு ஒரு நாள் தாமதம் ஆகலாம். நாற்பது நாள் தாமதத்துக்கு நாற்பது நாள் மழை பெய்திருக்க வேண்டும். அதனால் வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

சரக்கே கையில் இல்லாமல் ஆர்டர் வாங்குகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் விலையைக் குறைத்துப் போட்டு ஆர்டர்களைக் குவித்துக்கொள்வார்கள்; மொத்தக் கடையில் மலிவாகச் சரக்குக் கிடைத்தால் அனுப்புவார்கள்; விலை ஏறிவிட்டால் இழுத்தடிப்பார்கள். அவர்களே ஆர்டரை ரத்து செய்தால் ஆப் நிறுவனம் அபராதம் போடும். வியாபாரியின் தரவரிசையும் இறங்கும். வாங்கியவர் ரத்து செய்தால் அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. 'நீங்களே ரத்து செய்யுங்கள்' என்று தேனொழுகப் பேசுவதன் இரகசியம் இதுதான். சரக்கு நகராமலே பார்சல் எண் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். குறித்த நாளில் 'அனுப்பியதாக' ஏட்டில் ஏறிவிட வேண்டும்!

ஆப் நிறுவனம் நடுவில் இல்லாமல், தன் சொந்தப் பக்கம் வைத்து, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்து, யு.பி.ஐ. மூலம் நேரே பணம் வாங்கிக்கொள்கிறவன் கதை வேறு. அங்கே நம் பணம் முதல் நாளே அவன் கைக்குப் போய்விடுகிறது. ஒரு கணக்குப் போடுங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கு 15,000 ரூபாய் கட்டியிருந்தால் ஒன்றரைக் கோடி ரூபாய். அதை நாற்பது நாள் வைத்திருந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கொண்டாலும், ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகிறது. வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். நம்மிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நாம் குழுவில் வட்டிக்கு வாங்கி அவனுக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறோம்! கூலியைப் பிடித்து வைக்கும் மேஸ்திரியை நமக்குத் தெரியும். 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்பான். இவனும் அதையே சொல்கிறான். பேச்சு மட்டும் மரியாதையாக இருக்கிறது.

மூத்த தோழர்களுக்கு வி.பி.பி. பார்சல் நினைவிருக்கும். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து எழுதினால் தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார். அவரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். அதிலும் மோசடி இருந்தது. பிரித்துப் பார்த்தால் செங்கல் இருந்த கதையும் உண்டு. ஆனாலும் பார்சல் வாசலுக்கு வரும்வரை காசு நம் மடியில் இருந்தது. இன்று முன்பணம் கட்டுகிறவனுக்கு அந்தப் பிடியும் இல்லை.

நம்மை ஏன் எளிதாக இழுத்தடிக்க முடிகிறது? நம் சாலுக்கும் சந்துக்கும் ஒழுங்கான முகவரி கிடையாது. 'முகவரி கிடைக்கவில்லை' என்றால் எவரும் நம்பிவிடுவார்கள். அவர்கள் பேசும் மொழி நமக்குச் சரளமாக வராது. ஊரில் இருக்கும் தாய்க்கு மிக்ஸி ஒன்று அனுப்பலாம் என்று இங்கிருந்து ஆர்டர் போட்டால், ஓ.டி.பி. எண் மும்பையில் மகன் போனுக்கு வருகிறது. மகன் அந்நேரம் வேலையில் இருக்கிறான். பார்சல் திரும்பிப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அச்சம்: 'நாம் பிழைக்க வந்தவர்கள். வழக்கு, கோர்ட்டு என்று நமக்கு எதற்கு?' இந்த அச்சத்தின் மேல்தான் அவர்களுடைய வியாபாரம் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தைப் புகழ்வது நம் வேலையன்று. ஆனால் இருக்கிற சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் நமக்கு அழகன்று.

1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்க்கட்சிக்காரன் இருக்கும் ஊரிலோ, அவன் கிளை வைத்திருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் பிறந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டும். 'அது எங்கள் ஊரில்தான் நடந்தது' என்று வியாபாரி வாதாடிக் காலம் கடத்துவான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலோ, பிழைப்புக்காக வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 34-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வேலை செய்யும் இடம் என்ற சொற்களை நன்றாக மனத்தில் வையுங்கள். ஆதார் அட்டையில் திருநெல்வேலி முகவரி இருந்தாலும், இங்கே பாடுபடுகிறவன் இங்கே கேட்கலாம். வியாபாரி சூரத்தில் இருந்தாலும் சரி, டெல்லியில் இருந்தாலும் சரி, அவன்தான் நம் ஊர் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை என்பேன்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் ஒன்றும் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையம் வழியே மனுப் போடலாம். 2025 ஜனவரி முதல் அதற்கு 'இ-ஜாக்ரிதி' என்ற தளம் இருக்கிறது. கேட்டுக்கொண்டால் வீடியோ மூலமாகவே விசாரணையில் கலந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. காரணம் பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். விலையைத் திருப்பித் தரவும், நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு தரவும், வழக்குச் செலவைத் தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இணைய வியாபாரத்துக்கென்றே 2020-இல் தனி விதிகள் வந்தன. அவற்றில் நமக்கு வேண்டியவை நான்கு. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ஆப் நிறுவனம் தன்னிடம் விற்கும் வியாபாரியின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவற்றை மறைக்காமல் காட்ட வேண்டும். நான்காவதுதான் முக்கியம்: சொன்ன காலத்துக்குப் பிந்திப் பொருள் வந்தால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ வியாபாரி மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போல அவன் கைமீறிய காரணம் இருந்தால்தான் விலக்கு.

'சொன்ன காலம்' என்கிறது விதி. எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்று விதி ஒரு நாள் கணக்கு வைக்கவில்லை. அவன் சொன்ன தேதிதான் அளவுகோல். அந்தத் தேதியோ அவன் திரையில் இருக்கிறது. 9 என்றிருந்ததை அவனே 16 ஆக்குகிறான், 24 ஆக்குகிறான். முதல் நாள் திரையை நாம் படமெடுத்து வைக்காவிட்டால், 'நான் சொன்னதே 24-தான்' என்று அவன் சாதிக்கலாம். நம் வழக்கு முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 'தையல் மெஷின் தொழிலுக்காக வாங்கியது. ஆகவே இவர் நுகர்வோரே அல்லர்' என்று வியாபாரியின் வக்கீல் வாதாடக்கூடும். வியாபார நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து வயிறு பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை கிடையாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தையல் மெஷினோ, இஸ்திரிப் பெட்டியோ, இட்லிக் கடைக்கு மாவு அரைக்கும் கிரைண்டரோ எதுவாயினும், தன் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான். யாரும் உங்களை மிரட்ட இடம் கொடாதீர்கள்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

ஒன்று: பெரிய தொகை என்றால் கூடுமானவரை பார்சல் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். ஐம்பது, நூறு தள்ளுபடிக்காகப் பதினைந்தாயிரத்தை முன்கூட்டிக் கொடாதீர்கள். ஆப்பில் பார்த்த பொருளுக்கு 'வெளியே நேரே பணம் அனுப்புங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன்' என்று எவனாவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு: ஆர்டர் போட்ட அந்த நிமிடமே திரையைப் படமெடுங்கள். பொருள், விலை, வியாபாரி பெயர், வருவதாகச் சொன்ன தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். தேதியை அவன் மாற்றும்போதெல்லாம் இன்னொரு படம்.

மூன்று: சொன்ன தேதி தாண்டியதும் போனில் மன்றாடுவதை நிறுத்தி எழுத்தில் இறங்குங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'இன்ன தேதிக்குள் பொருள் வர வேண்டும். இல்லையேல் முழுப் பணமும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்' என்று இரண்டே வரி போதும். திட்டி எழுதாதீர்கள், நாளை ஆணையம் படிக்கப்போகும் கடிதம் அது.

நான்கு: அவன் சொல்லுக்காக நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்யத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால், 'சொன்ன தேதியில் வராததால் ரத்து செய்கிறேன்' என்று காரணத்தை எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

ஐந்து: பார்சலைக் கண்ணால் பார்த்துக் கையில் வாங்குமுன் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்னால் பொருள் 'கொடுக்கப்பட்டது' என்று ஏட்டில் ஏறிவிடும். ஊருக்கு அனுப்பும் பார்சலானால் அங்கே இருப்பவர் போன் எண்ணைக் கொடுங்கள்.

ஆறு: பணத்துக்குப் பதிலாக 'ஆப் கணக்கில் வரவு வைக்கிறோம், அதில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'உங்கள் குறை தீர்ந்ததா?' என்று கேட்டு வரும் செய்திக்கு, உண்மையில் தீரும்வரை 'ஆம்' என்று அழுத்தாதீர்கள்.

ஏழு: அப்படியும் நகராவிட்டால் 1915. தமிழிலும் பேசலாம். அது கோர்ட்டு அன்று, உத்தரவு போடாது. நிறுவனத்துக்கு நம் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். பணம் வாங்கியவன் பக்கத்தையே மூடிவிட்டு ஓடிவிட்டான் என்றால் அது தாமதமன்று, திருட்டு. ஒரு மணி நேரமும் வீணாக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பையன் மேல் பாயாதீர்கள்

இதை எழுதாமல் விட்டால் என் மனம் கேட்காது. பார்சல் தாமதமானால் முதலில் வசை வாங்குகிறவன், அதைத் தூக்கிக்கொண்டு வரும் பையன். அவன் யார்? நம் அக்காள் மகன். பக்கத்துச் சால் பையன். பீகாரிலிருந்து வந்த இன்னொரு ஏழை. பார்சல் எண்ணிக்கைக்குத்தான் அவனுக்குக் கூலி. வண்டியும் பெட்ரோலும் பெரும்பாலும் அவன் சொந்தச் செலவு. 'ஆள் இல்லை' என்று அவன் பொய்யாக அழுத்தினால், ஒரு நாளில் முடிக்க முடியாத அளவு பார்சலை அவன் தலையில் கட்டியது யார் என்றும் கேட்க வேண்டும். இத்தகைய தொழிலாளிகளுக்கென்று நாட்டில் முதன்முதலாக ராஜஸ்தான் அரசு 2023-இல்தான் ஒரு நலச்சட்டம் செய்தது. நம் கோபம் மேலே போக வேண்டும்; வாசலில் நிற்பவன் மேல் விழக் கூடாது. வாசலில் சண்டை நடந்தால் மேலே இருப்பவனுக்கு ஆதாயம்.

சங்கம் செய்ய வேண்டியது

தனியாள் புகாரை அவர்கள் ஒரு கொசுக்கடியாக நினைக்கிறார்கள். ஒரே வியாபாரியிடம் ஒரே விதமாக ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்காகவும் சிலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம். ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் சங்கமும் நம் சார்பில் புகார் கொடுக்கலாம். ஆகவே என் யோசனை இது. நம் சங்கத்தின் துணை அமைப்பாக ஒரு நுகர்வோர் சங்கத்தை முறைப்படி பதிவு செய்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்க அறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். படித்த பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து புகார் எழுதட்டும். ஒரு பேரேடு வைப்போம்: தேதி, பொருள், விலை, வியாபாரி, சொன்ன நாள், வந்த நாள். ஆறு மாதத்தில் அந்தப் பேரேடு, எந்த வியாபாரி திரும்பத் திரும்ப வருகிறான் என்று நமக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

அரசிடம் கேட்க வேண்டியது

சட்டம் ஏட்டில் இருப்பதோடு திருப்தி அடைய முடியாது. எதிர்க்கட்சிக்காரனுக்கு நோட்டீசு கிடைத்த நாளிலிருந்து, பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது அப்படியா? தலைவர்களும் உறுப்பினர்களும் நியமிக்கப்படாமல் ஆணையங்கள் காலியாகக் கிடந்ததை 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. காலியிடத்தை நிரப்பாத அரசு, இழுத்தடிக்கும் வியாபாரிக்குத் துணை நிற்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது கோரிக்கை, நாள் கணக்கு. அமெரிக்காவில் 1975-இலேயே தபால் வழி வியாபாரத்துக்கு ஒரு விதி செய்தார்கள். இன்று இணைய வியாபாரத்துக்கும் அது பொருந்தும். சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், சரக்கை அனுப்ப வேண்டும். முடியாதென்றால் வியாபாரியே வாங்கியவருக்குத் தெரிவித்து, 'காத்திருக்கிறீர்களா, பணம் வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே அரை நூற்றாண்டாக இருக்கும் விதி இங்கே ஏன் முடியாது?

மூன்றாவது, தாமதத்துக்கு நாள் கூலி. இதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் நம் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததாக உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் அது தானாக நம் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு, நாம் கேட்காமலே தர வேண்டும். நம் பணம் வழியில் சிக்கிக்கொண்டால் நாளுக்கு நூறு ரூபாய் உண்டு. அதே பணம் வியாபாரியிடம் சிக்கிக்கொண்டால் ஒன்றும் இல்லையா? இந்த விதியை இணைய வியாபாரத்துக்கும் விரிக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன மிகை இருக்கிறது?

நம் தங்கச்சியின் கணக்கை இதே அளவில் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 18 வரை 39 நாள். நாளுக்கு 100 என்றால் 3,900 ரூபாய். இழந்த 7,500-க்கு அது ஈடாகாது. ஆனால் அந்த 3,900 தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்திருந்தால், அவன் மெஷினை அனுப்பியிருப்பான். இல்லையேல் இரண்டாம் நாளே பணத்தைத் திருப்பியிருப்பான்.

'அசல் வந்ததே போதும்' என்ற வார்த்தை நம் வாயில் புதிதாகப் பிறந்ததன்று. பிடித்து வைத்த கூலியில் பாதி வந்தபோதும், அட்வான்ஸ் கொடுத்த வீட்டுக்காரன் வெட்டிக்கொண்டு மிச்சம் தந்தபோதும் நாம் இதையே சொன்னோம். தன் காசு திரும்பியதையே பெரிய உபகாரமாக நினைக்கும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பத்துப் பேரை இழுத்தடித்தால் ஒன்பது பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள், பத்தாமவருக்கு அசலைக் கொடுத்தால் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பத்தாமவர் நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கணக்குப் பொய்க்கும்.

அவரைக் குறை சொல்ல நான் யார்? ஒரு நாள் வேலை கெட்டால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அவர் தலையில் மட்டும் சுமத்தாமல் சங்கத்தின் முன் வைக்கிறேன். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. புகார் எண் இருக்கிறது. 'குறை தீர்ந்தது' என்று அவர் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டப்படி 2027 செப்டம்பர் தொடக்கம் வரை அவகாசம் இருக்கிறது. வருகிற மாதக் கூட்டத்தில் இந்தப் புகாரையே நம் முதல் புகாராக எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். அவருக்குச் சம்மதமா என்று நேற்றுக் கேட்டேன்.

"நீங்க எல்லாரும் கூட வருவீங்கன்னா சரி, அண்ணாச்சி" என்றார்.

வருவோம் என்று சொல்ல வேண்டியது இனி நம் பொறுப்பு.